ஒரு வருடத்துக் கொப்பி

ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது வணிகர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. அதிகாலையில் எழுவேன், வீண்பேச்சைக் குறைப்பேன் என்று தை மாதத்திலே சங்கற்பஞ் செய்துகொண்டோர் பலரும், மார்கழி பிறந்ததும் தம் மனத்துக்குள் ஒருமுறை வரவு செலவு பார்ப்பதுண்டு.

இத்துறையிற் பெயர்பெற்றவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். பதின்மூன்று நற்குணங்களை வரிசைப்படுத்தி, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்று, தவறியபோதெல்லாம் சிறு கொப்பியொன்றிற் கரும்புள்ளி இட்டுவந்தார் அவர். பதின்மூன்று வாரம் ஒரு சுற்று. வருடத்துக்கு நான்கு சுற்று. ஒழுங்கு என்னுங் குணமே அவரைப் பெரிதும் அலைக்கழித்ததாம். அறிஞர் கண்ட முறையைக் குறைகூற நான் யார்? ஆயினும், தன் குற்றங்களையே எண்ணிக்கொண்டிருக்குங் கொப்பி இளம் மாணவருக்கு விரைவிற் கசந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான் சொல்லவந்தது வேறொரு கொப்பி. கிளிநொச்சி நகருக்குத் தென்கிழக்கே உள்ள இரணைமடுக் குளத்தை வாசகர் அறிவர். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்த குளம் அது. அதற்கு நீர் தருங் கனகராயன் ஆறு, ஈற்றிலே சுண்டிக்குளக் கடனீரேரியிற் சென்று கலக்கிறது. அவ்வேரிப் பகுதி 1938இற் பறவைச் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. இத்தகைய செல்வத்தை அருகில் வைத்துக்கொண்டு, பொழுதுபோக்கு இல்லையே என்று நம் பிள்ளைகள் ஏங்குவானேன்? சென்ற தை முதலாக மாணவர் மூவரும் நானும் சனிக்கிழமை தோறும் விடியற்காலையிற் குளக்கட்டுக்குச் சென்று, கண்ட பறவைகளை எழுதிவரத் தொடங்கினோம். நாள், நேரம், இடம், எண்ணிக்கை என நான்கு கோடுகள். செலவு ஒரு கொப்பியும் பென்சிலுமே.

முதற் கட்டளை, பெயர் தெரியாவிடின் ஊகித்து எழுதலாகாது என்பது. பங்குனியில் ஒரு மாணவன், "முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கால் இளஞ்சிவப்பு, மிக நீளம். பெயர் தெரியாது" என்று எழுதியிருந்தான். "சேர், இப்பிடி எழுதினால் வெட்கமில்லையோ?" என்று கேட்டான். இரு வாரங் கழித்துப் படப் புத்தகமொன்றைப் புரட்டியபோது, அது பவளக்கால் உள்ளான் என அவனே கண்டுபிடித்தான். தெரியாது என்று எழுதியதோடு நில்லாமல், கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தமையாலன்றோ அது இயன்றது! சோதனைத் தாளில் வெற்றிடம் விட அஞ்சி எதையாவது கிறுக்கும் பிள்ளை அவன். இப்போது வகுப்பிலும் எழுந்து, "எனக்கு இது விளங்கேல்லை, சேர்" என்கிறான். இக்குணம் பிராங்கிளினின் பட்டியலில் இருக்கிறதோ இல்லையோ, என் ஐந்தொகையில் வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கிறது.

அதிகாலையில் எழுதலும் அவ்வாறே, எவருஞ் சங்கற்பஞ் செய்யாமலே வாய்த்தது. வெயில் ஏறிய பின் போனாற் பறவைகளில் பாதி மறைந்துவிடும். பேசினால் மீதியும் பறந்துவிடும்.

ஒரு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் விளங்கியிராது. மாரியிற் குளம் நிறைந்திருக்கையில் பறவைகள் தொலைவில் நிற்கும். சிறுபோகத்துக்கு நீர் இறைத்து, ஆவணி, புரட்டாதியிற் சேறு வெளிப்பட்டதும், நத்தைகுத்தி நாரைகள் கரையோரமாகத் திரளும். ஆறுமணிக் குருவியின் குரலோ எங்கள் வளவுகளிற் சித்திரையில் ஓய்ந்து, ஐப்பசியில் மீண்டுங் கேட்டது. வடக்கே இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலுங் குஞ்சு பொரித்துவிட்டு, மாரியைக் கழிக்க இங்கு வருஞ் சிறு பறவை அது.

இவற்றை வயலில் உழைத்த முதியோர் அறிவர். ஆனால் எழுதி வைத்தவர் சிலரே. எழுதியவையும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கணக்குகளோடும் பிள்ளைகளின் சான்றிதழ்களோடுந் தொலைந்தன. கைத்தொலைபேசியிற் படம் எடுத்தாற் போதாதா என்பார்க்கு ஒரு சொல்: படத்தில் விழுவது இருந்த பறவை மட்டுமே. "இன்று ஒன்றும் வரவில்லை" என்பதைக் கொப்பியில் எழுதலாம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறுந் தை மாதத்தில் நடைபெறுகிறது. அதற்கு முன்னரே புதுக் கொப்பிக்குக் கோடு கீறிவிட வேண்டுமென்று மாணவர் அவசரப்படுகின்றனர். ஆறுமணிக் குருவி வருஞ் சித்திரையிலும் அதே வாரத்திற்றான் புறப்படுமா என்பதில் அவர்களுக்குள் இப்போதே பந்தயம்.