இலவச இடம் வேண்டாம். எமது கோப்புகள் எம்மிடம் வேண்டும்!



புலம்பெயர் நாடுகளில் எமது இளையோர் தமிழ் விசைப்பலகை, எழுத்துரு, அகராதி எனக் கட்டற்ற மென்பொருள்களை ஆக்கி வருவது பெருமைக்குரியது. ஆனால் அவற்றுக்கான கையேட்டை எதனைக் கொண்டு எழுதி வெளியிடுவது என்ற கேள்வி எழும்போது மட்டும், "ஏதாவதோர் இலவசத் தளத்தில் போட்டுவிடுவோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இந்த அலட்சியம் கண்டிக்கத்தக்கது.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. கோடிக்கணக்கான பக்கங்களைத் தாங்கிய ஜியோசிற்றீஸ் தளத்தை, ஜப்பான் நீங்கலாக, யாகூ நிறுவனம் 2009 இல் மூடியது. யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த பதிவுகளை 2019 இறுதியில் அகற்றியது. திறந்த மூலத் திட்டங்களுக்கென்றே நடத்தப்பட்ட கூகுள் கோட் 2016 சனவரியில் மூடப்பட்டது. பிறர் திண்ணையில் குடியிருப்போர், வீட்டுக்காரர் கதவடைத்தால் யாரிடம் முறையிடுவது?

எனவே, கருவியைத் தெரியும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எழுதியவை எம் கையில் எளிய உரைக் கோப்புகளாக உள்ளனவா? ஸ்பிங்க்ஸ், எம்கே டொக்ஸ், ஹியூகோ ஆகிய கட்டற்ற கருவிகள் அத்தகைய கோப்புகளிலிருந்தே இணையப் பக்கங்களை ஆக்கித் தருகின்றன. தரவுத்தளம் தேவையில்லை. ஒரு வழங்கி மூடப்பட்டால் மறுநாளே இன்னொன்றில் ஏற்றலாம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பைப் பேண வழி உண்டா? பைதான் நிரல்மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008 இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸ், உரையைப் பந்தி பந்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்பாளருக்குத் தருகின்றது. மூலம் மாறும்போது, மாறிய பந்திகளை மட்டும் திருத்தினால் போதும். பைதான் ஆவணங்களின் ஜப்பானிய, பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் இவ்வாறே பேணப்படுகின்றன. தமிழுக்கு மட்டும் ஏன் இயலாது?

மூன்றாவது, தேடல் தமிழை அறியுமா? உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாத தேடற்பொறி, "தமிழ்" என்ற சொல்லை "தம" என்றும் "ழ" என்றும் துண்டாக்கிவிடும். ஆங்கிலத்தில் அழகாகத் தோன்றும் மாதிரிப் பக்கத்தைக் கண்டு மயங்காதீர்கள். பத்துத் தமிழ்ச் சொற்களைத் தேடிப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

"இவையெல்லாம் நிரலாளருக்குரியவை, விக்கி ஒன்றே போதும்" என்பார் உளர். விக்கியில் எவரும் உடனே திருத்தலாம் என்பது உண்மையே. ஆனால் சொந்தமாக ஒரு விக்கியை நடத்துவதற்குப் பெரும்பாலும் வழங்கியும் தரவுத்தளமும், அவற்றை இடையறாது பேணும் ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ விலகிச் சென்றால், அவரது கடவுச்சொல்லோடு கையேடும் போய்விடும். மாறாக, உரைக் கோப்புகளைக் கிட் முறையில் வைத்திருந்தால், அதனைப் படியெடுத்த ஒவ்வொரு தொண்டரின் கணினியிலும் முழுக் கையேடும் அதன் திருத்த வரலாறும் இருக்கும்.

பெற்றோரே, மார்க்டவுன் குறியீட்டின் அடிப்படைகளை ஒரு மாலைப்பொழுதில் கற்கலாம். பிழையற்ற தமிழ் உங்களிடம் உண்டு; கணினி அறிவு உங்கள் பிள்ளைகளிடம் உண்டு. நீங்கள் எழுதுங்கள், அவர்கள் வெளியிடட்டும். எவரோ ஒருவரின் தயவில் வாழும் கையேடு எமக்கு வேண்டாம். இன்றே உங்கள் திட்டத்தின் பக்கங்களைப் படியெடுத்து, உரைக் கோப்புகளாக்கத் தொடங்குங்கள்!