பழைய மருந்துல சிக்கனம் பார்க்காதீங்க

"வெடிமருந்து பழசானா வீரியம் போயிடும், ஒண்ணும் ஆகாது." தரங்கம்பாடி பக்கம் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், காலேஜ் கேன்டீனிலும் கேட்கலாம். இதுக்கு எதிர்க்கோஷ்டி ஒண்ணு இருக்கு. "பழசானா என்ன, மருந்து மருந்துதானே? தூக்கிப் போட்டா காசு போச்சே!" ரெண்டுமே தப்புங்க. ரெண்டு கோஷ்டியும் கடைசியில பண்றது ஒரே காரியம்தான்: பழைய மருந்தைக் கையில எடுக்கிறது.

முதல்ல கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேர்ந்த வெறும் கலவை. ஈரம் படலைன்னா நூறு வருஷமானாலும் சாகாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிஞ்சது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒண்ணைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்த ஒருத்தர் 2008-ல் வர்ஜீனியாவில் அது வெடிச்சு செத்துப்போனார். வீரியம் போயிடுச்சா?

ஈரம் பட்டா? வெடியுப்பு கரையும், காயும்போது ஒரு பக்கம் அதிகமாவும் ஒரு பக்கம் கம்மியாவும் படியும். எந்தப் பிடி புஸ், எந்தப் பிடி டமார்னு யாராலும் சொல்ல முடியாது. உப்புக்காத்தும் ஐப்பசி அடைமழையும் உள்ள நம்ம ஊர்ல எந்த டப்பா ஈரம் படாம இருக்கும்?

அடுத்தது புகையில்லா மருந்து. 1884-ல் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சது. இன்னைக்குத் துப்பாக்கித் தோட்டாக்களில் இருக்கிறது இந்த வகைதான். இதோட அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது சும்மா இருந்தாலே மெல்லச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்க்கிற பொருளும் ஒருநாள் தீர்ந்துபோகும். அப்புறம் அமிலப்புகை, சூடு, சில நேரம் தானாவே தீ. டூலோன் துறைமுகத்தில் 1907-ல் ஐயேனா, 1911-ல் லிபெர்த்தே என்ற ரெண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடிச்சு, முன்னூறு பேருக்கு மேல் செத்தாங்க. சிதைஞ்ச மருந்துதான் காரணம்னு பரவலா ஒத்துக்கிட்டாங்க.

வெளிநாடுகளில் ரிவால்வர் தோட்டாவைத் தாங்களே நிரப்புறது ஒரு பொழுதுபோக்கு. அதிலும் "தாத்தா வச்சிருந்த டப்பா, வீணாக்கலாமா?"ன்னு ஒரு சிக்கனக்காரர் இருப்பார். மருந்து பலவீனமா இருந்தா குண்டு குழலிலேயே சிக்கிக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா, துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மிச்சம் பிடிச்சது ஒரு டப்பா விலை. நம்ம நாட்டில் அனுமதியில்லாம தோட்டா தயாரிச்சா, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி குறைஞ்சது ஏழு வருஷம் உள்ளே.

நாங்க காமர்ஸ் ஆளுங்க. சரக்கிருப்பை அடக்க விலையா, விற்றால் கிடைக்கும் நிகர விலையா, எது குறைவோ அதில் மதிப்பிடணும்னு முதல் வருஷத்திலேயே சொல்லித் தர்றாங்க. பழைய மருந்தோட மதிப்பு பூஜ்யம்கூட இல்லை, அதுக்கும் கீழே. வச்சிருக்கிறவரைக்கும் அது சொத்து இல்லை, கடன். அந்தக் கடனை வசூல் பண்ண வர்ற தேதியை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

"எங்க தாத்தா திருவிழாவுக்கு வேட்டு போட்டவரு. மிச்ச மருந்தை அடுத்த வருஷம் போடுவாரு. ஒண்ணும் ஆகலையே?" ஆனவங்க வந்து பேச மாட்டாங்க சார். பிழைச்சவங்க கதை மட்டும்தான் நம்ம காதுக்கு வரும்.

பக்கத்துத் தில்லையாடியில் 2023 அக்டோபர் 4-ம் தேதி வெடி தயாரிக்கும் இடத்தில் விபத்து. நாலு தொழிலாளிங்க செத்தாங்க. அங்கே பழைய மருந்துதான் காரணம்னு நான் சொல்லலை. புது மருந்தையே தினமும் கையாளத் தெரிஞ்சவங்களுக்கே இந்தக் கதின்னா, ஒண்ணும் தெரியாத நீங்களும் நானும் எம்மாத்திரம்?

அதனால, தீபாவளி முடிஞ்ச மறுநாள் வெடிக்காத பட்டாசைப் பொறுக்கி, பிரிச்சு, மருந்தைப் பேப்பரில் கொட்டிக் கொளுத்துற தம்பி தங்கச்சிகளைத் தடுங்க. அதையெல்லாம் ஒரு வாளித் தண்ணியில ஊறப் போடுங்க. பரணில் தாத்தா காலத்துத் தோட்டாவோ மருந்து டப்பாவோ கிடைச்சா திறக்காதீங்க, குலுக்காதீங்க, இருந்த இடத்திலேயே விட்டுட்டு போலீசுக்குச் சொல்லுங்க. போறது பத்து ரூபாய்ச் சரக்குதான். விரல் போனா எந்தக் கடையிலும் வாங்க முடியாது.