பட்டாளக்காரர் வீட்டுக்கு யார் துணை?



தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே எல்லையில் வேலை. வீட்டில் மாமியாரும், மூன்று வயதுப் பெண் குழந்தையும், இவரும்தான்.

"ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் கூப்பிட ஆள் இல்லை அம்மா. அவரிடமிருந்து நாலு நாள் போன் வரவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமைதோறும் சபையிலிருந்து ஒரு அக்கா வருகிறார்கள். நான் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவருக்காக ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். மனசு லேசாகிறது. அத்தைக்குத்தான் இது பிடிக்கவில்லை. 'இன்னைக்கு ஜெபம் பண்ணுவாக, நாளைக்கு வேதத்துல சேரச் சொல்லுவாக'ன்னு கோபப்படுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

வரவிடு, வரவிடாதே என்று ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் பட்டாளக்காரர் வீட்டுக்கு வேதக்காரர்கள் ஆறுதல் சொல்ல வருவது நம் சீமையில் நேற்று முளைத்த வழக்கம் அல்ல. இருநூற்றைம்பது வருஷத்துச் சங்கதி. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

கோட்டைக்குள்ளே ஒரு சார்ஜெண்ட் மனைவி

பாளையங்கோட்டை என்றால் இன்று நமக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான் ஞாபகம் வரும். 18-ம் நூற்றாண்டில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் தங்கியிருந்த கோட்டை.

அந்தக் காலத்தில் திருச்சியில் சுவார்ட்ஸ் ஐயர் என்று ஒரு ஜெர்மன் மிஷனரி இருந்தார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். 1764-ல் மதுரையை முற்றுகையிட்டபோது காயம்பட்டும் நோய்ப்பட்டும் கிடந்த சிப்பாய்களைத் தேடிக்கொண்டு போனார். திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தகப்பன்மாரை இழந்த பட்டாளத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பிறகு அந்தப் பட்டாளத்துக்கே குருவாகவும் இருந்தார்.

அவருடைய 1771-ம் வருஷத்துக் குறிப்பில்தான் பாளையங்கோட்டை பற்றிய பேச்சு வருகிறது. அங்கே சவரிமுத்து என்ற ஒரு கிறிஸ்தவர் அக்கம்பக்கத்தாருக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறார். ஓர் ஆங்கிலேய சார்ஜெண்ட் அதற்குத் துணையாக இருக்கிறார். அந்த சார்ஜெண்டின் மனைவி நம் சபையைச் சேர்ந்தவள் என்று எழுதியிருக்கிறார்.

கவனித்தீர்களா? நெல்லைச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபை வரலாறு ஆரம்பிக்கிற இடத்திலேயே ஒரு பட்டாளக்காரர் மனைவி இருக்கிறாள். சவரிமுத்துவுக்குப் பேர் இருக்கிறது. அவளுக்கு 'சார்ஜெண்டின் மனைவி' என்பதுதான் பேர்!

முதல் பேர் ஒரு பெண்ணின் பேர்

அடுத்து வருகிறவளுக்குப் பேர் நிலைத்துவிட்டது. கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். சின்ன வயசில் விதவையானவள். உடன்கட்டை ஏறப் போனவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்லுவார்கள். அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தாள். அவரிடம்தான் வேதமும் கற்றாள்.

ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை. முறைப்படி கலியாணம் ஆகாமல் அந்த அதிகாரியோடு இருக்கிறாள் என்பது காரணம். அவர் இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. அவர் மிஷன் சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பெண்ணாக இருந்து யோசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. பிறந்த ஜாதி தள்ளியாயிற்று. நம்பி வந்த இடத்திலும் வாசலில் நிற்கச் சொல்கிறார்கள். அவள் யாரிடம் போய் அழுதிருப்பாள்?

ஆனால் அவள் முடங்கிவிடவில்லை. 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பேர் கிளாரிந்தா. 1785-ல் அவள் முயற்சியால் கட்டின ஆலயம் இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. ஊர்ச் ஜனங்கள் அதைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே சொல்லி வந்தார்கள். ஜனங்களுக்காகக் கிணறும் வெட்டி வைத்தாள். அ. மாதவையா 1915-ல் அவள் கதையை ஆங்கிலத்தில் நாவலாகவே எழுதிவிட்டார்.

பிறகு 1816-ல் ஜேம்ஸ் ஹஃப் என்பவர் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக வந்தார். அவர் உத்தியோகம் வெள்ளைக்காரப் பட்டாளத்தாருக்கு ஆராதனை நடத்துவது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல் தமிழ் படித்தார், ஊருக்குள்ளே பள்ளிக்கூடங்கள் திறந்தார். அவர் முயற்சியின் பலனாகத்தான் 1820-ல் ரேனியஸ் ஐயர் அங்கே வந்தார்.

குற்றாலக் காற்று

இதில் நம் குற்றாலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குற்றாலம் மலை உச்சியில் இல்லை, அடிவாரம்தான். ஆனாலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலைக் கொண்டு வந்து கொட்டுகிறது. பாளையங்கோட்டை வெயில் தாங்காத துரைமார்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் சீசனுக்கு இங்கே வந்து பங்களாக்களில் தங்கினார்கள்.

ஆனால் அதிகாரி வீட்டு அம்மாளுக்குக் குற்றாலக் காற்று. சாதாரண சோல்ஜரின் மனைவிக்கு? அந்நாள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் புருஷனோடு கூடப்போக எல்லா மனைவிமாருக்கும் அனுமதி கிடையாது. நூற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. புருஷன் செத்துப்போனால் சில மாசத்தில் ரேஷனும் நின்றுவிடும். நம் சிப்பாயின் மனைவி கதையை எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை.

பட்டாளம் கணக்கில் எடுக்காதவர்களை யாரோ கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. சென்னையில் பட்டாளத்து அநாதைப் பையன்களுக்கு 1789-ல் ஒரு விடுதி திறந்தபோது, ஆண்ட்ரூ பெல் என்ற பட்டாளத்துக் குரு அதை ஏற்று நடத்தினார். நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையை வகுத்தார். 'மதராஸ் முறை' என்ற பேரில் அது இங்கிலாந்து வரைக்கும் போயிற்று. அயர்லாந்தில் எலீஸ் சாண்டிஸ் என்ற இளம்பெண் 1869-ல் வாலிப சிப்பாய்களைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். வீட்டை விட்டு வந்த பையன்களுக்கு அது ஒரு வீடு. பிற்பாடு அவள் பேரில் பல ஊர்களில் சிப்பாய் இல்லங்கள் வந்தன.

இவர்கள் எல்லாருக்கும் தங்கள் மதத்தைப் பரப்பும் நோக்கம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கம்பெனியின் அதிகாரமும் பின்னால் இருந்தது. ஆனால் அநாதைப் பிள்ளைக்குப் படிப்பும், காயம்பட்டவனுக்குத் துணையும், ஊருக்குத் தண்ணீரும் கிடைத்தன என்பதும் நிஜம்தானே?

இப்போது பதில்

இன்றைக்கு நம் ராணுவத்தில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று எல்லா மதத்துக்கும் மதகுருமார்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்ப்பதும், இறந்தவருக்குச் சடங்கு செய்வதும் அவர்கள் கடமையில் சேர்த்தி. பல முகாம்களில் எல்லா மதத்தாரும் ஒரே கூரையின் கீழ் கும்பிட 'சர்வ தர்ம ஸ்தலம்' உண்டு. ராணுவத்தார் மனைவியரின் நலச் சங்கமும் 1966-லிருந்து இருக்கிறது. இதெல்லாம் முகாமில். நம் வாசகி இருப்பதோ கிராமத்தில், மாமியாரோடு.

மகளே, உனக்கு நான் சொல்வது இதுதான். அந்த அக்காவுக்குக் கதவைச் சாத்தாதே. ஆனால் மனசில் இருப்பதைத் தெளிவாகச் சொல்லிவிடு. "அக்கா, நீங்க வாரது எனக்கு ஆறுதலா இருக்கு. ஆனா வேதத்துல சேருறதைப் பத்தி எங்கிட்டே பேசக்கூடாது" என்று சிரித்த முகத்தோடு சொல். அதைக் கேட்ட பிறகும் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தால், உனக்காக வருகிறார் என்று அர்த்தம். வராவிட்டால் அதுவும் தெரிந்துபோகும். துக்கத்தில் இருப்பவளிடம் ஆறுதலுக்கு விலை கேட்பது எந்த மதத்துக்கும் அழகல்ல. நீயாக யோசித்து எந்த முடிவுக்கு வந்தாலும் அது உன் உரிமை. ஆனால் பயத்திலும் தூக்கமில்லாத ராத்திரியிலும் எந்த முடிவும் எடுக்காதே.

இன்னொன்று. அத்தையை அடுக்களையில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் பேசாதீர்கள். அவர்களையும் பக்கத்தில் உட்காரச் சொல். எல்லையில் இருப்பது உன் புருஷன் மட்டுமா? அவர்கள் பெற்ற பிள்ளை! அந்தத் தாய் வயிற்றிலும் நெருப்புத்தான். கோபமாக வருவது பாதி பயம். உன்னிடமும் பேரப்பிள்ளையிடமும் அந்நியமாகிவிடுவோமோ என்கிற பயம்.

கைக்காரியமாகச் சில விஷயங்கள்:

* கணவரின் ராணுவ எண், யூனிட் விலாசம், ரெக்கார்ட் ஆபீஸ் விலாசம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அத்தைக்கும் தெரிகிற இடத்தில் வை.
* உங்கள் கலியாணமும் குழந்தையின் பிறப்பும் ராணுவப் பதிவில் ஏறிவிட்டதா என்று கணவரிடம் கேள். 'பார்ட் டூ ஆர்டர்' என்பார்கள். அது இல்லாவிட்டால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும்.
* பாங்கிக் கணக்கு இரண்டு பேர் பேரிலும் இருக்கட்டும்.
* மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பது ரிட்டயரானவர்களுக்கு மட்டுமல்ல. வேலையில் இருப்பவரின் குடும்பமும் போய் உதவி கேட்கலாம்.
* குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் பதறாதே. மெல்லிய துணி போடு, தண்ணீர் அடிக்கடி கொடு. டாக்டர் சொன்ன அளவில் மட்டும் மருந்து கொடு. வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கம் எதுவானாலும் உடனே 108.
* உனக்கே தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்று இரண்டு வாரம் ஓடினால் அது வெறும் கவலை அல்ல. டாக்டரிடம் சொல். 14416-க்குப் போன் பண்ணினால் மனநல ஆலோசனை காசில்லாமல் தமிழிலேயே கிடைக்கும்.

நமக்கும் ஒரு கேள்வி

நானும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள்தான். எங்கள் தெருவில் ஒரு பட்டாளக்காரர் வீடு இருந்தது. சாரல் காலத்தில் துணி காயாது, கைக்குழந்தையின் துணி கொடியில் நாற்றமெடுக்கும். எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் சாயங்காலம் அந்தத் துணிகளை வாங்கிப்போய்த் தன் அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்துக் கொண்டுவந்து மடித்து வைப்பார். "ஏளா, நீ சித்த நேரம் கண்ண மூடு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்பார். ஜெபமும் இல்லை, உபதேசமும் இல்லை. அந்தப் பெண் அந்த வருஷத்தைத் தாண்டியது பெரியம்மாவால்தான் என்று எனக்குத் தெரியும்.

சபை அக்கா வருவது சரியா தப்பா என்று ஊரே பேசுகிறது. அவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். மற்ற ஆறு நாளும் நாம் எங்கே போனோம், சகோதரிகளே? அண்டை வீட்டார் போகாத வீட்டுக்குத்தான் அந்நியர் போக வேண்டியிருக்கிறது. சுவார்ட்ஸ் காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

உங்கள் தெருவில் ஒரு பட்டாளக்காரர் வீடு நிச்சயம் இருக்கும். இன்றைக்கு ஒரு கிண்ணம் குழம்போடு போய்ப் பாருங்கள். ஐந்து நிமிஷம் உட்காருங்கள். "போன் வந்துதா?" என்று கேளுங்கள். அவள் பேசுவாள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.