பதினான்கு ஸ்தலங்களைக் கழற்றியவர்களுக்கு

இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் சிலுவைப் பாதைக்குப் போயிருந்தேன். முதல் ஸ்தலத்தில் முழங்கால் போட்டு நிமிர்ந்து பார்த்தால் பிலாத்து தங்கமாக மின்னுகிறான். சேசுநாதரும் தங்கம். பக்கத்தில் நிற்கும் சேவகனும் தங்கம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பாடுபட்டவர் முகத்தில் பாடு எங்கே என்று தேடினேன். பளபளப்புதான் அகப்பட்டது.

பாகூர் கொம்யூனில் சின்ன ஊர் எங்களுடையது. பெயரை எழுதினால் நாளைக் காலையில் நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். விட்டுவிடுகிறேன். எப்படியும் இது ஒரு ஊர்க் கதை மட்டும் அல்ல.

சுவரில் முன்பு இருந்தவை பிளாஸ்டரில் வார்த்த புடைப்புச் சிற்பங்கள். மரச்சட்டம், கைவண்ணம், கீழே பிரெஞ்சு எழுத்து. 1958-இல் எனக்கு எட்டு வயது. மூன்றாம் ஸ்தலத்தில் 'ஜெசூ தோம்ப் பூர் லா ப்ரமியேர் ஃபுவா' என்று எழுதியிருக்கும். 'தோம்ப்' என்றால் கல்லறை என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். ஏழிலும் ஒன்பதிலும் அதே சொல் வரும். ஆகவே சேசுவை மூன்று தடவை அடக்கம் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் அதைச் சொல்லி, வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்த பிறகுதான் 'தோம்ப்' என்றால் 'விழுகிறார்' என்றும் பொருள் உண்டு என்று தெரிந்தது. ஆயாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஐந்தாம் ஸ்தலத்தில் சிலுவைக்குத் தோள் கொடுக்கும் சீமோனின் கால் விரலைத் தொட்டு முத்தி செய்வாள். அவளைப் போல் எத்தனையோ பேர் தொட்டு, அந்த விரலில் வண்ணமே போய் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

கழற்றியவர்கள் என்னிடம் காரணம் சொன்னார்கள். சுவரில் ஓதம் ஏறியதாம், பிளாஸ்டர் உதிர்ந்ததாம். உதிர்ந்தது உண்மைதான். ஆனால் ஏன் உதிர்ந்தது? செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக நூறு வருஷம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சுவருக்கு, அழகுபடுத்துகிறோம் என்று சிமெண்ட் பூசினீர்கள். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பாகப் பூத்தது. பின்னால் இருந்த இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்து பிளாஸ்டரை வெடிக்க வைத்தது. நோய் சுவரில், வெட்டியது சுரூபத்தை.

இன்னொரு காரணம், 'ஐயா, அதுவும் பாரீஸ் கடைச் சரக்குதானே' என்பது. ஒப்புக்கொள்கிறேன். பாரீஸில் சேன் சுல்பீஸ் என்று ஒரு கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைச் சுற்றிய தெருக்களில் சுரூபக் கடைகள் பெருகி, ஒரே அச்சில் வார்த்து உலகம் முழுக்க அனுப்பின. இனிப்பு தடவிய அந்த முகங்களைப் பிரெஞ்சுக்காரர்களே 'சேன் சுல்பீஸ் பாணி' என்று கேலி செய்வார்கள். குத்தூரியே என்ற தொமினிக்கன் சாமியார் 'ஆர் சக்ரே' பத்திரிகையில் இந்தக் கடைச் சரக்கோடு மல்லுக்கட்டினார். வெளிநாட்டுச் சுரூபம் என்பதற்காகவும் எனக்குக் கோபம் இல்லை. வில்லியனூர் லூர்து மாதா சுரூபம் 1877-இல் பிரான்சிலிருந்து வந்ததுதான். அந்தத் தாயை யாராவது இறக்குமதிச் சரக்கு என்று சொல்லட்டும் பார்ப்போம்! நாலு தலைமுறை கும்பிட்டால் கடைச் சரக்கும் ஊர்ச் சொத்தாகிவிடும். நான் கேட்பது, ஒரு கேட்டலாகைக் கழற்றி இன்னொரு கேட்டலாகையா மாட்டுவது என்றுதான்.

புதியது என்ன தெரியுமா? ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றி, கண்ணாடி இழைப் பாய் ஒட்டி, காய்ந்ததும் தங்கப் பெயிண்ட் அடித்தது. ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் அந்தத் தங்கம் மங்கும், பெயிண்ட் தோலாக உரியும். அப்போது மறுபடி கேட்டலாக், மறுபடி நன்கொடை, மறுபடி உபயதாரர் பெயர். இப்போதே சேசுவின் பெயரைவிட உபயதாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நான் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கழிப்பதென்றாலும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் எண் பார்த்து, குழு வந்து பார்த்து, மூன்று கையெழுத்து வாங்கி, ஏலம் விட்டு, பணத்தைக் கட்டி ரசீது ஒட்டுவோம். இங்கே பதினான்கு ஸ்தலங்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுவரைவிட்டு இறங்கின. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திருச்சபையில் விதி இல்லையா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், கோயிலின் மதிப்புள்ள கலைப்பொருள்கள் கைமாறிப் போகாமலும் சிதறாமலும் ஆயர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 1189-ஆம் எண்ணைப் பாருங்கள். பழமையாலோ கலையாலோ மக்கள் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற சுரூபத்தைப் பழுதுபார்க்கவே மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பழுதுபார்க்கவே அனுமதி என்றால், கழற்றிக் கொட்டகையில் போட?

ஒட்டவே முடியாத அளவுக்கு உடைந்துவிட்டது, புதிதுதான் வேண்டும் என்றால், வில்லியனூர் எத்தனை தூரம்? அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் சிற்பத்துக்காக வி.கே.முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் வீட்டு வாசலில் இருக்கிற கையை விட்டுவிட்டுக் கேட்டலாக் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

மண் உடையும் என்பார்கள். பிசைந்த களிமண்ணில் மணல் கலந்து, பின்பக்கத்தைக் குடைந்து கனம் குறைத்து, நிழலில் நாள்கணக்கில் உலர்த்திச் சூளையில் வைத்தால் பலகை வெடிக்காது. பெரிய பலகையைத் துண்டுகளாகச் சுட்டுச் சுவரில் இணைக்கலாம். ஃப்ளோரென்ஸ் நகரத்தில் லூக்கா தெல்லா ரொபியா பதினைந்தாம் நூற்றாண்டில் சுட்டு மெருகேற்றிய மாதா புடைப்புகள் இன்றும் இருக்கின்றன. பிரான்சில் வான்ஸ் என்ற ஊரின் சிற்றாலயத்தில் ஓவியர் மத்தீஸ் பதினான்கு ஸ்தலங்களையும் வெள்ளை ஓட்டுப் பலகைகளில் கறுப்புக் கோடாக வரைந்தார். ஓடு என்றால் சுட்ட மண்தானே? அந்த ஆலயம் 1951-இல் அர்ச்சிக்கப்பட்டபோது அவருக்கு எண்பத்தொரு வயது. அதில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது.

'சுடுமண் என்றால் அய்யனார் குதிரை ஆச்சே' என்று ஒருவர் முகம் சுளித்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மண் பொம்மை வாங்கும்போது குயவர் என்ன மதம் என்று கேட்டாரா? ஆதாமை ஆண்டவர் எதில் பிசைந்தார்? சாம்பல் புதன்கிழமை நெற்றியில் சாமியார் சாம்பல் பூசி எதை நினைவூட்டுகிறார்? ஃபைபரையா?

நேற்றுச் சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். எண்ணினால் பன்னிரண்டுதான் இருக்கின்றன. மூன்றும் ஒன்பதும் இல்லை. ஐந்தாம் ஸ்தலம் இருக்கிறது, சட்டம் மட்டும் போயிருக்கிறது. சீமோனின் காலுக்கு மேல் சிமெண்ட் மூட்டை சாய்த்து வைத்திருந்தார்கள். நானே நகர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக நகர்த்தினோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் பங்குப் பேரவைக் கூட்டம். மூன்றும் ஒன்பதும் எங்கே போயின என்று அங்கே கேட்கப் போகிறேன். அதுவரைக்குமாவது பத்திரமாக இருக்கட்டும் என்று கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன்.

"பூட்டே கிடையாதுங்களே ஐயா" என்றார் கோயில்பிள்ளை.