வாக்கு ஒரு தெருவில், பள்ளிக்கூடம் இன்னொரு தெருவில்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் அமெரிக்கச் செய்தி ஒன்றைச் சொன்னார். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பகுதி. அங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியத்தைத் தேர்தல் மூலம் கைக்கொண்டவர்கள் யூதர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிப்பது தனியார் மதப் பள்ளிகளில். அரசுப் பள்ளியில் படிப்பவர்களோ கறுப்பினக் குடும்பங்களின், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். சொல்லி முடித்துவிட்டு, "பார்த்தீர்களா, அந்த ஊர்ப் பார்ப்பனர்கள்!" என்றார். பலரும் தலையாட்டினார்கள். என்னால் தலையாட்ட முடியவில்லை.

அங்கே அநீதி நடந்தது உண்மை. அதை ஒரு நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. ஆனால் தோழர் அதற்கு வைத்த பெயர் தவறு. நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறும். சாதி ஒழிப்பு பேசும் நாம் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பகுதியின் பெயர் ஈஸ்ட் ராமாப்போ. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ராக்லாந்து கவுண்டியில் இருக்கும் ஒரு பள்ளி மாவட்டம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்குத் தனித் தேர்தல் உண்டு. வீடு, நிலம் வைத்திருப்பவர்கள் அதற்குத் தனி வரி கட்ட வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் பெரும்பாலான ஊர்களில் ஆண்டுதோறும் மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை இந்தத் தேர்தல் நடக்கும். வாரிய உறுப்பினர்களை மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக்கான பள்ளி வரவு செலவுத் திட்டத்தையும் மக்கள் வாக்களித்து ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார்கள். பிள்ளை எங்கே படித்தாலும், பிள்ளையே இல்லாவிட்டாலும், அங்கு குடியிருக்கும் குடிமக்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கு.

இந்தத் தேர்தலை ஒரு ஹசிதிக் யூதக் குடும்பத்தின் வாசலில் நின்று பாருங்கள். வீட்டில் ஆறேழு பிள்ளைகள். எல்லோரும் யெஷிவா எனப்படும் மதப் பள்ளியில் படிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் காலடி வைக்காத அரசுப் பள்ளிக்கும் வரி கட்ட வேண்டும். இவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹசிதிக் குடியிருப்புகளில் வறுமை அதிகம். பள்ளி மாவட்டத்திடமிருந்து இந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பவை சில உண்டு: பள்ளிப் பேருந்து, பாடப்புத்தகம், ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி. தனியார் பள்ளி மாணவருக்குப் பொதுப் பணத்தில் போக்குவரத்து கொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-லும், பாடப்புத்தகம் கொடுக்கலாம் என்று 1968-லும் தீர்ப்பளித்தது. ஆகவே வாரியத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது இவர்களுக்கு வெறும் அரசியல் அல்ல. வரி ஏறுமா, பேருந்து வாசலுக்கு வருமா, பேச்சு வராத மகனுக்குப் பயிற்சி கிடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் முடிவாகிறது. அதனால் குடும்பம் குடும்பமாகத் திரண்டு, சமூகப் பெரியவர்கள் காட்டும் வேட்பாளருக்கு ஒரே கட்டாக வாக்களிக்கிறார்கள்.

இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. நம் ஊரில் எந்தச் சமூகமும் செய்வதுதான்.

இனி எதிர்த்தெருவுக்கு வாருங்கள். 2017-18 கல்வியாண்டில் அந்த மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் 8,843 பேர். அவர்களில் 92 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும். தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் 29,279 பேர். அவர்களில் 98 விழுக்காட்டினர் வெள்ளையர், பெரும்பாலும் யெஷிவா மாணவர்கள். வாரியத்தில் மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். வார்டு கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் மாவட்டம் முழுவதும் வாக்களிக்கும். இந்தக் கணக்கில் முடிவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. 2005 முதல் வாரியத்தின் பெரும்பான்மை தனியார் பள்ளிச் சமூகத்திடம் இருந்தது.

2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் மீது கத்தி விழுந்தது. நூற்றுக்கணக்கான பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. இசை, ஓவிய வகுப்புகள் வெட்டப்பட்டன. மழலையர் வகுப்பு அரைநாளாகச் சுருங்கியது. மாநிலம் தலையிட்டுப் பணம் கொடுத்த பிறகே அது முழுநாளுக்குத் திரும்பியது. மூடப்பட்ட ஹில்கிரெஸ்ட் தொடக்கப் பள்ளியின் கட்டிடத்தைக் குறைந்த விலைக்கு ஒரு மத அமைப்புக்கு விற்க வாரியம் 2010-இல் முடிவு செய்தது. மாநிலக் கல்வி ஆணையர் தலையிட்டு அதைத் தடுத்தார். 2014-இல் மாநிலம் அமர்த்திய நிதிக் கண்காணிப்பாளர் ஹேங்க் கிரீன்பர்க், வாரியம் தனியார் பள்ளி மாணவர்களின் நலனுக்கு முன்னுரிமை கொடுத்து அரசுப் பள்ளி மாணவர்களைக் கைவிட்டது என்ற முடிவுக்கே வந்தார்.

அதே அறிக்கை சுட்டிய இன்னொரு செய்தியை நம் தோழர்கள் யாரும் பகிர்வதில்லை. மாநில அரசு ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு நிதி தருவது என்று கணக்கிடும்போது, அந்த மாவட்டத்தின் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கிறது. யெஷிவா பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. ஏறக்குறைய 38 ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஊரின் சொத்தைச் சுமார் 9 ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால் எந்த ஏழை ஊரும் காகிதத்தில் பணக்கார ஊராகிவிடும். ஆனால் பேருந்தும் சிறப்புக் கல்வியும் அந்த 38 ஆயிரம் பேருக்கும் போய்ச் சேர வேண்டும். போதாத பானையை நடுவில் வைத்துவிட்டு இரண்டு ஏழைச் சமூகங்களின் கையிலும் அகப்பையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் கையில் வாக்கு இருந்தது. இன்னொன்றிடம் அது போதுமான அளவு இல்லை. புதிதாகக் குடியேறிய பல பெற்றோருக்கு அங்கே வாக்குரிமையே கிடையாது.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி-யின் ஸ்பிரிங் வேலி கிளையும் சில வாக்காளர்களும் 2017-இல் வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார்கள். 2020 மே 25 அன்று கூட்டாட்சி நீதிபதி கேத்தி சீபல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி ஒன்று உண்டு. கறுப்பின உறுப்பினர்களும் வாரியத்தில் இருந்திருக்கிறார்களே, பிறகென்ன பாகுபாடு என்பது வாரியத் தரப்பின் வாதம். வென்றவர்கள் ஆதிக்கத் தரப்பின் பட்டியலில் இடம் பெற்றவர்கள், சிறுபான்மை மக்கள் தாங்களாகத் தேர்ந்தவர்கள் அல்ல என்பது நீதிமன்றத்தின் பதில்.

இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? 1932 செப்டம்பரில் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட அண்ணல் அம்பேத்கர், பின்னாளில் சொன்னதும் இதைத்தான். கூட்டு வாக்காளர் தொகுதியில் தனி இடம் ஒதுக்கினாலும், வெற்றியை முடிவு செய்வது சாதி இந்துக்களின் வாக்கு. அங்கிருந்து வருபவர் தன் மக்களுக்கு அல்ல, தன்னை வெல்ல வைத்தவருக்கே பதில் சொல்வார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் நடந்ததை நாம் மறக்கவில்லை. தேர்தலை நடத்த விடமாட்டார்கள். நடந்தால் தாங்கள் நிறுத்திய ஒருவரை வெல்ல வைத்து உடனே பதவி விலக வைப்பார்கள். தலித் ஒருவர் நாற்காலியில் இருந்தார் என்பது வேறு, தலித் மக்கள் ஒருவரைத் தேர்ந்தார்கள் என்பது வேறு.

ஆக, இரண்டு இடங்களிலும் ஒத்திருப்பது தேர்தல் முறையின் சூது. ஆட்கள் ஒன்றல்ல. தோழர் வழுக்கி விழுந்தது இங்கேதான்.

பார்ப்பனியம் என்பது பிறப்பிலேயே ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தி, அதற்குச் சாத்திரத்தைச் சாட்சி வைத்து, கல்வியையும் குளத்தையும் தெருவையும் மூடிய ஏற்பாடு. அதை ஆண்டவர்கள் தங்கள் மண்ணில் அதிகாரத்தோடு இருந்தவர்கள். ஈஸ்ட் ராமாப்போவின் ஹசிதிக் மக்களோ ஐரோப்பாவில் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்ட ஒரு சமூகத்தின் மிச்சம். அவர்கள் கட்டிய நியூ ஸ்கொயர் போன்ற குடியிருப்புகள் அந்த அழிவிலிருந்து தப்பியவர்களின் தஞ்சம். அமெரிக்காவில் வெள்ளைத் தோலின் அனுகூலம் அவர்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பும் அவர்களைத் தொடர்ந்தே வருகிறது. 2019 ஆகஸ்டில் ராக்லாந்து குடியரசுக் கட்சி, யூதர்கள் ஊரை விழுங்க வருகிறார்கள் என்ற பாணியில் ஒரு காணொளி வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று, அந்தப் பகுதியின் மான்சியில் ஹனுக்கா விழா நடந்த ஒரு மதகுருவின் வீட்டுக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்து ஐந்து பேரை வெட்டினான். அவர்களில் ஒருவர் பிறகு இறந்தார். ஒரு வாரியத்தின் தவறை ஓர் இனத்தின் குணமாக மாற்றிப் பேசும் பேச்சு யாருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்தவர்களில் யூத மதகுருமார்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் பேசியாக வேண்டும்: வென்ற தரப்பின் பிள்ளை. பல ஹசிதிக் யெஷிவாக்களில் ஆண் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் பெயரளவில்தான். அங்கே படித்து வெளியே வந்தவர்களே 2015-இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் பலவற்றின் மீது புகார் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் விசாரித்த 28 பள்ளிகளில் இரண்டு மட்டுமே சட்டம் கேட்கும் தரத்தில் இருந்ததாக 2019-இல் அறிக்கை வந்தது. 2022-இல் மாநிலம் விதிகளை இறுக்கியது. 2025-இல் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து அவற்றைத் தளர்த்தியும் விட்டது. கட்டாக விழும் வாக்கின் மீது அரசியல்வாதிகளுக்கு அவ்வளவு அச்சம். எந்த வாக்கு அந்தக் குடும்பத்துக்குப் பேருந்தை வாங்கிக் கொடுத்ததோ, அதே வாக்கு அந்தப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய கணக்குப் பாடத்தைப் பறித்தது. அந்த வீட்டுத் தாய் ஒருத்தி தன் மகன் வேலைக்குப் போகும் அளவுக்காவது ஆங்கிலம் படிக்கட்டும் என்று நினைத்தால், அந்த நினைப்புக்கு வாக்குச் சீட்டில் இடமே இல்லை. சமூகத்தின் பெயரால் விழும் வாக்கு சமூகத்தில் உள்ள எல்லோருடைய வாக்கும் அல்ல. சாதிச் சங்கங்களைப் பார்த்த நமக்கு இது புதிதா?

தீர்ப்புக்குப் பின் மாவட்டம் ஒன்பது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் புதிய தேர்தல் நடந்தது. அரசுப் பள்ளிப் பெற்றோர் தங்கள் ஆட்களைத் தாங்களே அனுப்ப வழி கிடைத்தது. ஆனாலும் வாரியத்தின் பெரும்பான்மை மாறவில்லை. வார்டு, குரலைக் கொடுக்கும், பணத்தைக் கொடுக்காது. மாநிலம் தன் நிதிக் கணக்கில் எல்லாப் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். தனியார் பள்ளிப் பேருந்துச் செலவை மாநிலமே தனியாக ஏற்க வேண்டும். அப்போதுதான் ஒரு தெருவின் பேருந்து இன்னொரு தெருவின் ஆசிரியரைத் தின்னாது. யெஷிவா பிள்ளைக்கும் கணக்கும் ஆங்கிலமும் உரிமை என்று சொல்லும் துணிவும் அதற்கு வேண்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் ஊராட்சிகளில் அரசுப் பள்ளியைப் பற்றி முடிவெடுப்பவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்? மஞ்சள் நிற வேன் தனியார் பள்ளிக்குப் போகும். சேரிப் பிள்ளை ஓட்டுக் கட்டிடத்துக்கு நடக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் கேட்கிறது. ஈஸ்ட் ராமாப்போவின் பெற்றோர் நீதிமன்றம் ஏறித் தேடிய குரலுக்கு, நம் சட்டத்தில் எழுத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. அந்தக் குழு உங்கள் ஊரில் கூடுகிறதா, கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீடு தேடி வருகிறதா?

அந்தத் தோழரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.