பாம்பனோடு திரும்பிவிடலாமா?

ராமேஸ்வரச் சுற்றுலா என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை எவை? நீண்ட பிரகாரம், தீர்த்தங்கள், பாம்பன் பாலம். எங்கள் பொதட்டூர்பேட்டையிலிருந்து போவதென்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போயும், அருகே கடலிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகளைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம். இது சரியில்லை என்பது என் கட்சி.

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக உள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. "மனிதர் காலே படக்கூடாது, மூடிவிடுங்கள்" என்போர் உண்டு. அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் யார் கண்ணிலும் படாதிருந்த காலத்தில்தான் பவளக் கற்கள் பெயர்க்கப்பட்டுச் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போயின. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில்! அலையைத் தடுத்த பாறை தேய்ந்தால் மணல் தங்குமா? 2001இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியபோதோ, தம்முள் வாழும் பாசிகளை இழந்து பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. இதைச் சட்டத்தால் மட்டும் தடுக்க முடியாது.

ஆகவே, நீந்தத் தெரிந்த மாணவர்களைச் சிறு குழுக்களாக, வனத்துறை அனுமதியோடும் பயிற்சியாளர் துணையோடும் அழைத்துச் சென்று, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிவித்து மிதக்கவிட வேண்டும்.

அங்கே பௌதிகமும் காத்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு நீருக்குள் எல்லாம் மங்கல். ஏன்? கண்ணுக்குள் நுழையும் ஒளி பெரும்பாலும் விலகுவது கார்னியாவின் முகப்பில். கார்னியாவின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.38, நீருக்கு 1.33. வேறுபாடு அற்பம், ஒளி குவிவதில்லை. கண்ணாடிக்குள் உள்ள காற்று அந்த வேறுபாட்டை மீட்டுத் தருகிறது. ஆனால் மீன் முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கை நீட்டி ஏமாறாதீர்கள்!

மூச்சுக்குழாயை ஒரு மீட்டர் நீளமாக்கினால் என்ன? நெஞ்சின் பரப்பு 1000 சதுர செ.மீ. என்று கொண்டு கணக்கிடுங்கள். 100 கிலோ எடையைச் சுமந்தபடி மூச்சிழுக்க வேண்டும். அதனால்தான் குழாய் குட்டையாக இருக்கிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. செந்நிறப் பாவு நூலைப் பத்து மீட்டர் ஆழத்தில் பிடித்தால் கறுத்துத் தெரியும். சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுகிறது. சாயத்தைக் குறை சொல்லாதீர்கள்.

என் உண்மையான கவலை நங்கூரம்தான். தீவருகே பாய்மரப் படகு நின்றாலும் விசைப்படகு நின்றாலும், காற்றின் திசை மாறினால் படகு நங்கூரத்தைச் சுற்றிச் சுழலும்; சங்கிலி அடித்தளத்தை அரைக்கும். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளரும். அரை மீட்டர் உயரப் பவளம் உங்கள் தந்தையின் வயதுடையது. உடைய ஒரு நிமிடம் போதும். எனவே மாணவர் படகுகளுக்கு மணற்பகுதியில் நிலையான மிதவைகளை முன்பே அமைத்திருக்க வேண்டும். படகை மிதவையில் கட்டினால் நங்கூரம் வேண்டியதில்லை. மிதவைகள் இல்லாத இடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகவும் வேண்டாம்.