விட்ட இடத்திலிருந்து



கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொண்டு, பிறகு படிப்பு, வேலை என்று விட்டுவிட்ட ஒருவர் கையில் கிட்டாரைக் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக 'ரொமான்ஸ்' வாசிப்பார். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு மெல்ல இறங்கும் அந்த மெட்டை, பெயர் தெரியாதவர்களும் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ரெனே கிளெமான் 1952-ல் எடுத்த 'ழெ அந்தெர்தி' என்ற பிரெஞ்சுப் படத்தில் கிட்டார் கலைஞர் நார்சிசோ யெபெஸ் அதை வாசித்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. எழுதியது யார் என்பது இன்னும் தீராத வழக்கு. நம் நண்பர் அதை அழகாகவே வாசிப்பார், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. முதல் பகுதி முடிந்ததும் கையை எடுத்துவிடுவார். "இதுக்கப்புறம் இன்னொரு பார்ட் இருக்கு. அது மறந்துபோச்சு."

மறதியின் மேல் பழியைப் போடுகிறோம். பலருக்கு அந்த இரண்டாம் பகுதி கைக்கு வந்ததே கிடையாது.

இந்த மாதம் இதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. பல வருஷமாக முதல் பகுதியோடு நிறுத்தி வைத்திருந்த ரொமான்ஸை அண்மையில் கடைசி ஸ்வரம்வரை வாசித்து முடித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படிப் பாதியில் நின்ற பீஸ்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி, ப்ளஸ் டூ வந்ததும் கிட்டார் பரணுக்குப் போன வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

பாதியில் நின்றவர்கள் எதை இழக்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன். ரொமான்ஸின் முதல் பகுதி ஈ மைனர். இரண்டாம் பகுதி ஈ மேஜர். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்குச் சொல்வதானால், அதுவரை சாதாரண காந்தாரமாக இருந்தது அந்தர காந்தாரமாக மாறுகிறது. அதுவும் எங்கோ ஒளிந்துகொண்டு மாறவில்லை. இரண்டாம் பகுதியின் முதல் ஸ்வரமே அந்தக் காந்தாரம்தான். அவ்வளவு நேரம் கவிந்திருந்த சோகம் அந்த ஒரு ஸ்வரத்தில் விலகி, வெளிச்சம் வந்துவிடுகிறது. பிறகு மறுபடியும் முதல் பகுதிக்குத் திரும்பும்போது, அதே மைனர் வேறு மாதிரி கேட்கிறது. முதல் பகுதியை மட்டும் வாசிப்பவருக்கு அந்தத் திரும்புதல் கிடைப்பதில்லை.

ரொமான்ஸ் மட்டுமல்ல. கிட்டார் இசையமைப்பாளர் பிரான்சிஸ்கோ தாரேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1852-ல் ஸ்பெயினின் வில்லாரியாலில் பிறந்து 1909-ல் பார்சிலோனாவில் இறந்தவர். பழைய நோக்கியா போனின் ரிங்டோன் அவருடைய 'கிரான் வால்ஸ்' என்ற பீஸிலிருந்து எடுத்ததுதான். அவருடைய 'அல்ஹாம்ப்ரா நினைவுகள்' ஏ மைனரில் தொடங்கி ஏ மேஜருக்குப் போகிறது. 'அதெலிதா' ஈ மைனரிலிருந்து ஈ மேஜருக்கு. 'லாக்ரிமா' மட்டும் தலைகீழ்: ஈ மேஜரில் தொடங்கி மைனருக்கு இறங்குகிறது. கண்ணீர்த்துளி என்று பெயர் வைத்துவிட்டுச் சிரித்த முகமாக ஆரம்பிக்கிறாரே என்று முதல் பகுதியோடு நின்றவர்கள் வியக்கலாம். கண்ணீர் இரண்டாவது பகுதியில் இருக்கிறது. இந்தச் சின்னச் சின்னப் பீஸ்களில் இரண்டு பகுதியும் சேர்ந்தால்தான் பொருளே வருகிறது. பல்லவியை மட்டும் பாடம் பண்ணிவிட்டுக் கீர்த்தனை தெரியும் என்று நாம் சொல்வதில்லையே.

ஏன் நிற்கிறோம்? இரண்டாம் பகுதி கடினம் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, நாம் சாதகம் பண்ணும் விதத்தில் இருக்கிறது. உட்கார்ந்தவுடன் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறோம். நன்றாக வருகிறது, மனசுக்கு இதமாக இருக்கிறது. கஷ்டமான இடம் வருகிறது, தடுக்குகிறது. உடனே மறுபடியும் முதல் வரி. மாதக் கணக்கில் இப்படியே போனால் முதல் வரி தூக்கத்தில்கூட வரும்; கடைசி வரியைக் கண் பார்த்திருக்கும், கை பார்த்திருக்காது. பிறகு பரீட்சையோ இடமாற்றமோ குழந்தையோ வந்து கிட்டாரைத் தள்ளி வைக்கும்போது, கையோடு வருவது அந்த முதல் வரி மட்டும்தான். பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவரும் அதே முதல் வரியில்தான் உட்காருகிறார்.

ஆகவே திரும்பி வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் அதற்கும் அப்பால், கடைசி வரியிலிருந்து. கடைசி வரியைத் தனியாக எடுத்து, அது சரளமாக வரும்வரை வாசியுங்கள். பிறகு அதற்கு முந்தைய வரியைச் சேர்த்துக்கொண்டு கடைசிவரை போங்கள். பிறகு அதற்கும் முந்தையது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், வாசிக்க வாசிக்க நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறீர்கள். பயமில்லாமல் கை ஓடுகிறது. முதல் வரியைச் சில வாரம் தொடவே வேண்டாம். அது எங்கேயும் போய்விடாது.

அதற்கு முன்னால் கிட்டாரைக் கவனிக்க வேண்டும். பரணிலிருந்து இறக்கியதும் தந்தியை மாற்றுங்கள். மேல் ஸ்தாயித் தந்திகள் மூன்றும் வெறும் நைலான். மற்ற மூன்றும் நைலான் இழைமேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. அவற்றில் நான்காவது, அதாவது டி தந்தி, முதலில் தேயும். ஃப்ரெட்டில் படும் இடங்களில் சுற்று கறுத்து, பிரிந்து, விரலில் நெருடும். அந்தத் தந்தியை வைத்துக்கொண்டு 'என் கை போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை மேல் ஸ்தாயித் தந்திகளை ஆட்டுக் குடலில்தான் செய்தார்கள். போரில் குடல் தந்தி கிடைக்காமல் போக, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் நைலானில் முயன்று பார்த்தார். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார். சென்னைக் காற்றின் ஈரத்தில் வாசிக்கும் நமக்கு அது பெரிய உபகாரம்.

இப்போது என் கை தடுமாறிய இடம். முதல் பகுதியிலேயே ஒரு கண்டம் உண்டு. ரொமான்ஸ் வாசித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நோட்ஸில் 'சி' எழுத்தும் ரோமன் ஏழும் போட்டிருக்கும். ஆள்காட்டி விரலை 7-ஆம் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கவைத்து பாரே பிடிக்க வேண்டும். அதைத் தூக்காமல் சுண்டு விரலை 11-ஆம் ஃப்ரெட்டுக்கு நீட்ட வேண்டும். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் இருக்கும் வழக்கமான கிட்டாரில் அந்த இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 9 செ.மீ. இதே நான்கு ஃப்ரெட் இடைவெளி கிட்டாரின் தலைப்பக்கம், 1-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 5-ஆம் ஃப்ரெட்டுக்கு என்றால், கிட்டத்தட்ட 13 செ.மீ. வரும். ஆக, எழுதியவர் யாராக இருந்தாலும், கை எட்டும் இடம் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அது எட்டாததற்குக் காரணம் விரல் நீளம் இல்லை என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. ஆறு தந்தியையும் ஒரே பலத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் கை இறுகிவிடும். இறுகிய கையில் சுண்டு விரல் நீளாது. அந்த இடத்தில் உண்மையில் ஒலிக்க வேண்டிய தந்திகள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் பாரம் கொடுத்தால் போதும். அதையும் கட்டை விரலால் நெரிக்காமல், முழங்கையின் கனத்தைப் பின்னால் இழுத்துக் கொடுத்தால் கை இளகுகிறது. இளகிய கைக்கு 9 செ.மீ. பெரிய தூரமில்லை. இரண்டாம் பகுதியில் பாரேக்கள் அடுத்தடுத்து வரும்போது இந்த ஒரு பழக்கம்தான் என்னைக் கரை சேர்த்தது.

பழைய நோட்ஸில் ஆசிரியர் பென்சிலால் எழுதிக் கொடுத்த விரல் எண்கள் இருக்கும். அவற்றை மதித்து வாசியுங்கள், ஆனால் மாற்றத் தயங்காதீர்கள். பதினாறு வயதுக் கைக்குப் பொருந்தியது நாற்பது வயதுக் கைக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. கை எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்றும் பயப்பட வேண்டாம். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்துப் பார்த்து 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். மறந்துபோனது என்று நினைப்பதையும் மறுமுறை படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்று கண்டார். விரல்களிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு சங்கடம் என்னவென்றால், நல்லதோடு சேர்ந்து பழைய கோணல்களும் அதே வேகத்தில் திரும்பிவிடும். அதனால்தான் முதல் சில வாரம் மிக மெதுவாக வாசிக்கச் சொல்கிறார்கள். மெதுவாக என்றால், அடுத்த விரல் எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும் அளவுக்கு மெதுவாக.

திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அகுஸ்தின் பாரியோஸ் நினைவுக்கு வருவார். 1885-ல் பராகுவேயில் பிறந்த கிட்டார் கலைஞர். 'லா கத்தெத்ரால்' என்ற அவருடைய புகழ்பெற்ற பீஸ், 1921-ல் எழுதியபோது இரண்டே பகுதிகள் கொண்டது: தேவாலய மணிபோல நின்று ஒலிக்கும் ஒரு பகுதி, தெருவின் பரபரப்புபோல ஓடும் ஒரு பகுதி. அதையே பல ஆண்டுகள் மேடைகளில் வாசித்தார். பதினேழு வருஷம் கழித்து, 1938-ல், அந்தப் பீஸுக்குத் திரும்பி வந்து, முன்னால் ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார். 'சவுதாதே' என்று அதற்குப் பெயர். ஏக்கம் என்று சொல்லலாம். இன்றைக்கு லா கத்தெத்ராலை வாசிப்பவர்கள் மூன்று பகுதியாகத்தான் வாசிக்கிறார்கள். அந்த முன்னுரை இல்லாமல் அதைக் கற்பனை செய்யவே முடியவில்லை. முப்பத்தாறு வயதில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது என்றுதான் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது. நாம் பாரியோஸ் இல்லை. ஆனாலும் இடையில் கழிந்த வருஷங்கள் வாசிப்பில் ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கும் என்பதை நம்புகிறேன். ரொமான்ஸின் மேஜர் பகுதி சின்ன வயதில் எனக்கு வெறும் விரல் வித்தை. இப்போது அதில் ஆறுதல் கேட்கிறது.

எல்லாப் பீஸையும் முடிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது? கேட்டால் இன்றும் உள்ளே ஏதாவது செய்கிற ஒன்றை. பரீட்சைக்காக மட்டும் தொட்டது என்றால் நிம்மதியாக விட்டுவிடலாம். ஃபெர்னாண்டோ சோரின் பயிற்சிகளில் இருபதைத் தேர்ந்தெடுத்து 1945-ல் செகோவியா வெளியிட்ட தொகுப்பு பலர் அலமாரியில் இருக்கும். அதில் ஐந்தாவது, பி மைனர் பயிற்சி, திரும்பி வரும் கைக்கு மிக நல்லது. வேகம் தேவையில்லை, பாட வேண்டும், அவ்வளவுதான். அல்ஹாம்ப்ராவை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். கட்டை விரல் ஒரு தட்டு, பின் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே தந்தியில் அதே ஸ்வரத்தை, இடைவெளி துளியும் பிசகாமல் தட்ட வேண்டிய டிரெமலோ அது. வருஷக்கணக்கில் நகம் வளர்த்து வாசிக்காத கைக்கு அதில் குதிரை நடைதான் வரும், மனசு உடைந்துபோகும். இன்னொன்று முடிந்து, நகமும் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முடித்தேன் என்று எப்போது சொல்லலாம்? தனியறையில் ஒரு முறை தப்பில்லாமல் வந்துவிட்டால் போதாது என்று நினைக்கிறேன். ஒருவரை எதிரில் உட்காரவைத்து, தப்பினாலும் நிற்காமல், முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம்வரை வாசித்துவிட்டால் அது முடிந்த பீஸ். கேட்பவர் அம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய இளையராஜாவின் பாடல்களில் கிட்டார் கேட்டு வளர்ந்த ஊர் இது. கேட்க ஆள் கிடைக்காமல் போகாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாதியில் விட்ட பீஸ் எது, எந்த வரியில் நின்றது, கை எங்கே மறுக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். கிட்டார் என்றில்லை, வயலினோ வீணையோ கீபோர்டோ எதுவானாலும் சரி. நோட்ஸின் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. பல வருஷம் கற்றுக்கொடுத்த அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் காட்டி, அந்தந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் வழியை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். முடித்தவர்களும் எழுதுங்கள், யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்